பத்தில் ஒன்பது பொருந்திய இன்ஜின்

ஏப்ரல் 9, வியாழன்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மெல்கர் ஓஸ்லுண்ட் என்னும் பதினைந்து வயதுக் குடிமகனின் நீல நிற வால்வோ 240, இன்று பிற்பகல் மூன்று இருபதுக்கு, பள்ளிக்கூடப் பின்வாசல் மேட்டில், மூன்று முறை ‘டொக்’ என்று தட்டிவிட்டு இயற்கை எய்தியது. வயது முப்பத்தெட்டு. மலர்வளையம் வேண்டாம். தள்ளிவிட நாலு பேர் போதும்.

இயற்கை என்பது மரியாதைக்கு. எய்தியது செயற்கை. எண்ணெய் ஊற்றாமல் ஓட்டிய கை என்னுடையது.

கார் என்று எழுதக் கூடாது. பின்சீட்டைப் பிடுங்கி, முதுகில் சிவப்பு முக்கோணம் மாட்டி, முப்பதுக்கு மேல் ஓடாதபடி பூட்டிவிட்டால் அது சட்டப்படி டிராக்டர். பதினைந்து வயதுக்காரன் ஓட்டலாம். எங்கள் ஊரில் எல்லாரும் ஓட்டுகிறோம். பூட்டும் வேலைக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேடு வரை ஓட்டிப் பார்ப்போமே என்று...

நாலு பேர் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஸ்வேயா தன் ஆரஞ்சு வண்டியில் பக்கத்தில் வந்தாள். முப்பதில் வந்தவள் மூன்றுக்குக் குறைத்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

“என்னடா மெல்கர், நடைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறியா?”

என் வகுப்பில் படிக்கிறாள். அவள் வண்டியில் இன்ஜினை இரண்டு தடவை மாற்றியவள். அதனால் தலை கொஞ்சம் கனம்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. ஜூன் 15 காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைச் சுற்றுலா முகாமில் கோடை வேலைக்கு நிற்க வேண்டும். முகாம்காரி குன்னெல் கேட்டதே ஒரு கேள்விதான்: “வண்டி இருக்கா?” “பிரமாதமா இருக்கு” என்றேன். வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். பள்ளி மூடினால் பள்ளி பஸ்ஸும் கிடையாது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஆறு மணி வேலை, நேர் எதிர்த் திசையில். அப்பா மரம் ஏற்றும் லாரியோடு வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவார். முதல் நாள் நேரத்துக்கு வரவில்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர் என்று குன்னெல் சொல்லிவிட்டார்.

அம்மா சொன்னது: “எண்ணெய் பாத்தியான்னு கேட்டேன். ‘இன்ஜினுக்குத் தெரியும் அதுக்கு எப்ப வேணும்னு’ன்னு சொன்னே. தெரிஞ்சுபோச்சு பாரு அதுக்கு.”


ஏப்ரல் 11, சனி

என் நண்பன் சிக்ஸ்டன் வாழ்க. அவன் சித்தப்பா வயலில் ஒரு வால்வோ 940 நிற்கிறது. உடம்பைத் துரு தின்றுவிட்டது, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது. மூன்று வண்டி விறகு அடுக்கித் தந்தால் இன்ஜின் என்னுடையது.

“ஆனா அது 940, இது 240. பொருந்துமாடா?” என்றான் சிக்ஸ்டன்.

“ஒரே குடும்பம்டா. உங்க சித்தப்பா சட்டை உனக்குப் பொருந்தாதா?”

“அவர் சட்டைக்குள்ள நான் ரெண்டு பேர் நிக்கலாம்.”

நம்பிக்கை இல்லாதவன். சிவப்பு வர்ணம் அடித்த நாலு சிலிண்டர், அதே அச்சு, அதே வார்ப்பு. என்னுடையது இரண்டு லிட்டர், இது இரண்டே கால் லிட்டருக்கும் மேல். முப்பதில் போவதற்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில்: முப்பதை எவ்வளவு சீக்கிரம் தொடுகிறோம் என்பதில்தான் கௌரவம்.


ஏப்ரல் 18, சனி

இரண்டு இன்ஜினும் வெளியே. கொட்டகைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, பெண் பார்க்க வந்த இரண்டு சம்பந்திகள் மாதிரி. செத்ததிலிருந்து கார்புரேட்டர், தாங்கும் கால்கள், கிளட்ச், எரிபொருள் பம்ப் எல்லாவற்றையும் கழற்றி புதுசுக்கு மாற்றியாகிவிட்டது. மிச்சம் வெறும் இரும்பு.

இன்ஜின் மாற்றுகிறேன் என்று நேற்றே வகுப்பில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

ஸ்வேயா பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள். “டிஸ்ட்ரிபியூட்டர் எங்க இருக்குன்னு பாத்தியா?”

“இன்ஜின்லதான் இருக்கு. வேற எங்க, ரொட்டிக் கடையிலயா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். அவள் சிரித்தது மட்டும் கொஞ்சம் நீளம்.


ஏப்ரல் 21, செவ்வாய்

விறகு. முதுகு.


ஏப்ரல் 25, சனி

இன்ஜினைக் காருக்குள் வைக்கும் முன் டைமிங் பெல்ட் புதுசாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். நான் புத்திசாலி. எனவே உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கவுண்டர்காரர் தலை நிமிராமல், “நம்பர் சொல்லு” என்றார். கார் நம்பரைச் சொன்னேன். பெல்ட் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெல்ட்டின் பல் சதுரம், இன்ஜின் சக்கரத்தின் பள்ளம் உருண்டை. சதுரத்தை உருண்டையில் அடித்து உட்காரவைக்க அரை மணி நேரம் முயன்றேன் என்பதை இந்த நோட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்.

திரும்பப் போனேன். அவர் இந்தத் தடவை தலை நிமிர்ந்தார்.

“இன்ஜின் மாத்தினியா?”

“ஆமா.”

“அதை ஏன்டா மொதல்ல சொல்லல? நம்பர் பிளேட்டுக்கு என்ன தெரியும்? அதைப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் பழைய சம்சாரத்தோடதான் குடும்பம் நடத்தறே. இன்ஜின் குடுத்த காரோட நம்பரைக் கொண்டா.”

சிக்ஸ்டனுக்குப் போன் போட்டு, வயலில் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடிக்குள் புகுந்து 940-இன் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்துப் படித்தான். உருண்டைப் பல் பெல்ட் கிடைத்தது.

இனிமேல் பாக்கெட்டில் இரண்டு நம்பர். பிரேக் வேண்டுமென்றால் என் நம்பர், பெல்ட் வேண்டுமென்றால் அதன் நம்பர். கண்ணாடித் துடைப்பான் வேண்டுமென்றால் யார் நம்பர்? என்னுடையது. யோசித்துத்தான் சொன்னேன்.


ஏப்ரல் 30, வியாழன்

இன்று ஊர் முழுக்க குளிர்காலத்தை வழியனுப்பச் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். இன்று ஸ்வேயாவுக்குப் பிறந்த நாளும்கூட. அவள் பிறந்ததைக் கொண்டாடித்தான் ஊரே கொளுத்துகிறது என்று ஆறாம் வகுப்பு வரை சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பரிசு கொடுக்க வேண்டாமா? செத்த இன்ஜினைத் துடைத்து, அம்மாவின் கிறிஸ்துமஸ் சிவப்பு ரிப்பனைக் கட்டி, சிக்ஸ்டனின் நாலு சக்கர மோட்டார் பைக்குக்குப் பின்னால் சறுக்குவண்டியில் ஏற்றி, அவள் வீட்டு வாசல் படியில் இறக்கிவைத்தோம். சீட்டு: ‘உனக்கு இதயமே இல்லைன்னு ஊர்ல பேசிக்கறாங்க. இந்தா, நூத்தம்பது கிலோ.’

கதவைத் திறந்தாள். இன்ஜினைப் பார்த்தாள். குனிந்து ஒரு பக்கமாக உற்றுப் பார்த்தாள். கத்துவாள் என்று ஓடத் தயாராக ஒரு காலைத் தூக்கி நின்றிருந்தேன்.

“ரொம்ப நன்றி மெல்கர். நெஜமாவே. எனக்குன்னே குடுத்துட்டியா? திருப்பிக் கேக்க மாட்டியே?”

“பரிசைத் திருப்பிக் கேக்கற பரம்பரை இல்ல எங்க பரம்பரை.”

“சிக்ஸ்டன், கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி.”

பிரமாதமான குறும்பு. ஆனால் பாதிக்கப்பட்டவள் நன்றி சொல்லும் குறும்பில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.


மே 3, ஞாயிறு

கியர்பாக்ஸும் இன்ஜினும் பார்த்த மாத்திரத்திலேயே ஒட்டிக்கொண்டன. போல்ட்டுக்கு போல்ட், துளைக்குத் துளை. கிளட்ச் பொருத்தம், கால் பொருத்தம், ரேடியேட்டர் குழாய்ப் பொருத்தம் எல்லாம் சரி. எண்ணினேன், ஒன்பது. பத்தாவதைப் பார்க்கவில்லை. ஒன்பது பொருந்தினால் கல்யாணமே பண்ணிவைக்கிறார்கள்.


மே 9, சனி

கல்யாணம் நின்றுவிட்டது.

சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினோம். முன்பக்கம் உட்கார்ந்தது. பின்பக்கம் உட்காரவில்லை. இன்னும் இரண்டு விரல் பின்னால் போக வேண்டும், போகவில்லை. என்ன தடுக்கிறது என்று தலையை விட்டுப் பார்த்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர்.

நாலு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரம் பங்கு பிரிக்கிற கறுப்பு மூடி. என் பழைய இன்ஜினில் அது பக்கவாட்டில் பணிவாக இருந்தது. 940-இல் தலையின் பின்மண்டையில், கொண்டை போட்ட மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. 240-இல் அந்தக் கொண்டைக்கு நேர் பின்னால் இரும்புச் சுவர். அந்தப் பக்கம் நான் உட்காரும் இடம்.

ரொட்டிக் கடையில் இல்லை. சுவரில் இருக்கிறது.

“சுத்தியல்,” என்றேன்.

“வேண்டாம்டா,” என்றான் சிக்ஸ்டன்.

ஆறு அடி. சுவர் ஒரு விரல் உள்ளே போனது. கொண்டை கேட்டது இரண்டு விரல். ஏழாவது அடியில் உள்ளே கையுறைப் பெட்டி தானாகத் திறந்து, உப்பு அதிமதுர மிட்டாய் டப்பா ஒன்று விழுந்தது. நான் பிறக்கும் முன் காலாவதி ஆனது. சிக்ஸ்டன் ஒன்று சாப்பிட்டான், பரவாயில்லை என்றான். எட்டாவது அடியில் ஹீட்டர் பெட்டி விரிந்தது. நிறுத்தினோம்.

இன்னும் முப்பத்தேழு நாள்.


மே 10, ஞாயிறு

என்ன செய்வது? யோசனை ஒன்று: என் சீட்டைப் பின்னால் நகர்த்தி, சுவரைப் பின்னால் நகர்த்தி... அப்புறம் வாழ்க்கையையே பின்னால் நகர்த்தி, ஏப்ரல் 9-க்குப் போய் எண்ணெய் ஊற்றிவிடலாம்.

சிக்ஸ்டன் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தான். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். 940 இன்ஜினிலும் பக்கவாட்டில் பழைய துளை இருக்கிறதாம், தட்டு போட்டு மூடியிருக்கிறார்களாம். தட்டைக் கழற்றிவிட்டு, பழைய இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரை அதில் சொருகினால் போதும். ஆனால் அதைச் சுழற்ற, உள்ளே ஓடும் பல் வெட்டிய தண்டும் பழைய இன்ஜினிலிருந்தே வர வேண்டும். பின்மண்டைக் கொண்டையைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிடலாம். சுலபம்.

“பழைய இன்ஜின் எங்கடா?” என்றான்.

அவனுக்குத் தெரியும் எங்கே என்று. சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போனவனே அவன்தான்.


மே 11, திங்கள்

கேட்க மாட்டேன். உயிரே போனாலும்.


மே 12, செவ்வாய்

உதிரிபாகக் கடை: அந்தத் தண்டு புதுசாகக் கிடைக்காது. கார் உடைக்கிற இடம்: ஆகஸ்டில் ஒன்று வரலாம். ‘லாம்’!

வேலை ஜூனில். மரியாதையா, வேலையா? மரியாதையை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் நடக்கலாம். நடந்தால் எவ்வளவு நேரம்? நாலரை மணி நேரம். அப்படியென்றால் ராத்திரி இரண்டரைக்கே கிளம்பணும்.


மே 13, புதன்

போனேன்.

என் இன்ஜின் அவள் வீட்டுப் பூப்பாத்தியில் நட்டநடுவில் இருந்தது. நாலு சிலிண்டரிலும் மண் நிரப்பி மஞ்சள் பான்சிப் பூச்செடி வைத்திருந்தாள். ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. ஸ்வேயா பூவாளியோடு நின்றாள்.

“வா வா. பரிசு எப்படி இருக்கு பாரு. ஒண்ணாம் சிலிண்டர்தான் நல்லா பூக்குது.”

“ஸ்வேயா... அதுல ஒரு சின்ன சாமான்...”

“எது?”

“சின்னதுதான். பக்கவாட்டுல...”

“திருப்பிக் கேக்காத பரம்பரைன்னு ஒரு பரம்பரை இருந்துச்சே, அது எந்த ஊர்?”

தலையைக் குனிந்தேன். எதிரே பூ இருந்ததால் முகர்ந்து பார்ப்பது போல் சமாளித்தேன். அவள் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். எண்ணெய்த் துணிக்குள் தண்டு, டிஸ்ட்ரிபியூட்டர், அதைப் பிடிக்கும் கவ்வி, போல்ட்கூட.

“பொறந்த நாள் அன்னிக்கே கழட்டிட்டேன். மழையில நனைஞ்சா போயிடும்ல. தண்டுல கீறல் இல்ல, அது மட்டும் பொழச்சுது.”

“நான் வருவேன்னு தெரியுமா?”

“வகுப்புலயே கேட்டேனேடா. நீ ரொட்டிக் கடைக்குப் போயிட்டே.”

பொட்டலத்தை நீட்டினாள். பிடித்தேன். அவள் விடவில்லை. “மாட்டத் தெரியுமா?”

“ஓ, பேஷா.”

சனிக்கிழமை ‘சும்மா பார்க்க’ வருகிறாளாம். வரட்டும். பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு.


மே 16, சனி

சரித்திரம்! நான் தட்டைக் கழற்றினேன். நான் பழைய தண்டை நுழைத்தேன். அதன் முனையில் புது இன்ஜினின் சக்கரத்தையே மாட்ட வேண்டும், இல்லையென்றால் உருண்டைப் பல் பெல்ட் உட்காராது என்பதை நான் சரியான நேரத்தில் கவனித்தேன். நான் பின்மண்டை ஓட்டையை அடைத்தேன். நான் இறக்கினேன். இரண்டு விரல் பின்னால் போய், ‘தப்’ என்று உட்கார்ந்தது.

சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி. சிக்ஸ்டன் விறகுக் குவியலுக்குப் பின்னால் இருந்தான், எப்போது போனான் என்று யாரும் பார்க்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்றுத் தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று நான் உடனே கண்டுபிடித்தேன். தூக்கி, திருப்பி, மறுபடி சொருகி, சாவி.

ஓடியது. கொட்டகைத் தகரமெல்லாம் சேர்ந்து பாடியது. அம்மா சமையலறையிலிருந்து கையில் கத்தியும் பாதி வெட்டிய ஃபாலு சாசேஜ் இறைச்சியுமாக வெளியே வந்து நின்றாள். “யார் பண்ணினது இது?” என்றாள்.

“நான்தான்” என்றேன்.

ஸ்வேயா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காப்பி கேட்டாள்.


மே 29, வெள்ளி

வேகப் பூட்டு மாட்டியாகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் முப்பது. நான்கு விநாடியில் முப்பது! அப்புறம் வாழ்நாள் முழுக்க முப்பது.


ஜூன் 3, புதன்

பரிசோதனை நிலையம். பரிசோதகர் விளக்கடித்து இன்ஜினைப் பார்த்தார்.

“முப்பதுல போறதுக்கு இவ்வளவு பெரிய இன்ஜினா? எறும்பு வண்டி இழுக்க யானையா தம்பி?”

“யானை சும்மா இருந்துச்சு சார்.”

சுவரில் இருக்கும் சுத்தியல் தழும்பைத் தடவினார். “இது?”

“முந்தின கருத்து வேறுபாடு.”

டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். “தெரிஞ்சவங்க கை பட்டிருக்கு.” நான் அடக்கமாகச் சிரித்தேன். அப்புறம் வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

சிவப்பு முக்கோணத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். தேறவில்லை.

(அந்த ஒன்றைத்தான் முழுக்க முழுக்க... சரி, விடு.)


ஜூன் 9, செவ்வாய்

தேறியது! முக்கோணம் நிமிர்ந்தது, நானும் நிமிர்ந்தேன்.


ஜூன் 15, திங்கள்

காலை ஆறுக்குக் கிளம்பினேன். ஆறேகாலுக்கு என் பின்னால் ஒரு பால் லாரி, இரண்டு கேரவன், ஒரு ஜெர்மன் சைக்கிள்காரர். சைக்கிள்காரர் இறக்கத்தில் என்னை முந்திப் போனார், கை காட்டினார். நானும் காட்டினேன்.

ஆறு ஐம்பதுக்கு முகாம் வாசல். குன்னெல் படியில் காப்பிக் குவளையோடு நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், முன்மூடியைத் திறக்கச் சொன்னார்.

“940 இன்ஜின். பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டர். யார் மாத்தினது?”

இங்கேதான், என் அருமை நோட்டே, ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“நான்தான். தனியா.”

“அடி சக்கை! வா தம்பி, வா.” தோளில் கையைப் போட்டுப் படகுக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். விருந்தாளிகளை ஏரியில் சுற்றிக்காட்டும் படகு. தரைப்பலகையைத் தூக்கினார். உள்ளே சிவப்பு இன்ஜின், நாலு சிலிண்டர். அதே குடும்பம். படகுக்குப் போன பெரியப்பா மகன்.

“ரெண்டு வாரமா கிளம்ப மாட்டேங்குது. சனிக்கிழமை நாப்பது பேர் வராங்க. உன்னை அந்தக் கடவுளே அனுப்பியிருக்கான். உனக்கு இது சுண்டைக்காய்தானே?”

“சுண்டைக்காய்,” என்றேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தேன். மாட்டினேன். மறுபடி கழற்றினேன். இன்ஜினை ஒரு தட்டு தட்டினேன், டாக்டர் முதுகில் தட்டுவது போல. குன்னெல் பக்கத்திலேயே நின்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு, “என்ன தெரியுது தம்பி?” என்றார்.

“இது... ஒரு படகு.”


ஜூன் 16, செவ்வாய்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

முகாம் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு ஸ்வேயாவுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பதினோரு மணிக்கு ஆரஞ்சு வண்டி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல், உள்ளே ஈரம் என்று இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டாள். நகரத்தில் மூடி வாங்கிவந்து மாட்டினாள். படகு முதல் சாவிக்கே எழுந்தது.

குன்னெல் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப நீ எதைத் தம்பி மாத்தினே?”

சொன்னேன். எல்லாவற்றையும். நடுவில் ஸ்வேயா, “விறகு அடுக்கினான். அது நெஜம்,” என்று எனக்காகச் சாட்சி சொன்னாள்.

அவர் என்னைத் துரத்தவில்லை. ஏழு மணிக்கு முன்னாலேயே வந்தேனாம், பேச்சு பேச்சாகவே இருக்கட்டும் என்றார். கோடை முழுக்க எனக்குக் கழிப்பறைகளும் சவுனா நீராவிக் குளியலறைக்கு விறகும். படகுகள் ஸ்வேயாவுக்கு.

இன்று மதியம் ரொட்டியில் சாசேஜ் வைத்துத் தின்றுகொண்டு அவளிடம் கேட்டேன், “அன்னிக்கு எங்கம்மா கேட்டப்ப ஏன்டி சும்மா இருந்தே?”

“நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. கெடுக்க மனசு வரல. காப்பியும் குடிக்கணும் போல இருந்துச்சு.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “தெரியும்டா, அவ கைதான் கறுப்பா இருந்துச்சு” என்றாள். பிறகு இந்த நோட்டில் மே 16-ஆம் பக்கத்தை எடுத்தேன். ‘நான்’ என்று வருகிற ஒவ்வொன்றும் ‘ஸ்வேயா’. அடித்துத் திருத்தினால் பக்கம் கிழிந்துவிடும், அத்தனை இருக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். தட்டு அவள், தண்டு அவள், சக்கரம் அவள், அரைச் சுற்று அவள். அந்த டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்றுத் தப்பாக முதலில் சொருகியது மட்டும் நான்.

மற்ற நேரமெல்லாம் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் பாதி நேரம் அவள் கண்ணுக்கு நேரே.